கோட்டைத் தெருவில் நான்கு ஆண்டுகள்

சென்னை மெயிலில் மும்பைக்கு வரும் நம்மவர் இறங்கும் சத்ரபதி சிவாஜி நிலையம் 1888-இல் கட்டி முடிந்தது. அதனை அடுத்து, பீஜப்பூர்க் கோல் கும்பஸைப் போலக் குவிமாடம் தாங்கி நிற்பது 1913-இல் திறந்த பெரிய தபால் நிலையம். இவ்விரண்டையும் கடந்து கோட்டைப் பகுதிக்குள் நடந்தால், நடைபாதையில் துணி விரித்துப் பழைய தபால் தலைகளும் நாணயங்களும் விற்போரைக் காணலாம். இன்று ரெயில்வே குமாஸ்தாவாக இருக்கும் யான், மெட்ரிகுலேஷன் தேறியபின், 2008 முதல் நான்கு ஆண்டுகள் அத்தகைய கடையொன்றில் கையாளாக இருந்தேன்.

முதலாளி ஒரு குஜராத்திப் பெரியவர். நாணயத்தின் பிறப்பிடம் அறிய அவரே கற்பித்தார். ஆண்டின் கீழே சிறு வைர வடிவம் இருப்பின் அது மும்பை நாணயசாலை, நட்சத்திரம் ஐதராபாத், வட்டப்புள்ளி நொய்டா, குறி ஏதுமில்லையேல் கொல்கத்தா.

ஒருநாள் செப்புக் காலணா ஒன்றைப் புளியிட்டுத் தேய்த்துக் குத்துவிளக்குப்போல் பளபளக்கச் செய்தேன். பெரியவர் தலையில் கைவைத்துக்கொண்டார். பழங்காசின் கறுப்பே அதன் வயதுக்குச் சாட்சி. அது போனால் மதிப்பும் போயிற்று. 2011 ஜூன் 30-உடன் 25 காசு செல்லாதாயிற்று. அப்பொழுது பலர் அதனை மூட்டையாகச் சுமந்து வந்தனர். எல்லோரிடமும் உள்ள பொருளுக்கு விலையேது? ஏமாற்றத்துடன் திரும்பினர்.

ஆயினும் என் நெஞ்சை இன்றும் உறுத்துவது வேறொன்று. திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர் சில கடித உறைகளைக் கொணர்ந்தார். புதுப்பெண்ணாய் ஊரிலிருந்தபோது பம்பாயிலிருந்த கணவருக்கு அவர் எழுதியவை. ஓர் உறையில் 1953-ஆம் ஆண்டின் இரண்டணாத் தலை இருந்தது. 1853 ஏப்ரல் 16-இல் இதே போரிபந்தரிலிருந்து தாணாவுக்கு முதல் ரெயில் புறப்பட்டதன் நூற்றாண்டு நினைவாக வெளியிட்டது அது. முதலாளி வெளியே சென்றிருந்தார். என் சாமர்த்தியத்தைக் காட்ட எண்ணி, தலையைக் கத்தரித்து நீரில் ஊறவைத்துப் பிரித்தெடுத்தேன்.

தபால் முத்திரையின் பாதி தலையிலும் மறுபாதி உறையிலுமாகப் பிரிந்துபோயிற்று. அம்மையார் இரண்டையும் நெடுநேரம் பார்த்தார்.

"ஊர்ப்பேரு பாதிதானே இருக்கு, தம்பி?" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. உறைகளை முந்தானையில் முடிந்துகொண்டு போய்விட்டார்.

திரும்பிவந்த முதலாளி, "முழு உறையாயிருந்தால் தனித்தலையைவிட நல்ல விலை கிடைத்திருக்கும்" என்றார். எனக்கோ விலை நினைவில் இல்லை. அந்தப் பாதி ஊர்ப்பேரே நினைவில் நின்றது.

அன்பர்களே! உங்கள் பெட்டியடியில் ஊர்க்கடிதங்கள் இருக்குமாயின் தலையைக் கிழிக்காதீர், உறையோடு வையுங்கள். பாட்டியின் காசுகளைப் புளியிட்டுத் துலக்காதீர். அவற்றை விற்பதும் விடுவதும் உங்கள் விருப்பம். ஊர் விட்டு வந்த நமக்கு, நாம் எங்கிருந்து வந்தோம் என்பதற்கு அந்த முத்திரையின் மையும் ஒரு சாட்சியன்றோ?