பெருங்குடி ஃப்ளாட்டில் ஒரு சிப்பிப்பாறை

லாப்ரடார், பொமரேனியன் என்றே பேசிக்கொண்டிருந்த சென்னையில் இப்போது சிப்பிப்பாறை, ராஜபாளையம், கன்னி என்று நம்ம ஊர்ப் பெயர்களும் காதில் விழுகின்றன. 2005 ஜனவரியில் தபால் துறை நான்கு இந்திய நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டது. அதில் ஒன்று ராஜபாளையம். 2020 ஆகஸ்டில் பிரதமரே வானொலியில் இந்த நாய்களைப் பற்றிப் பேசினார். சந்தோஷம்தான். ஆனால் வாங்கி வந்த பிறகு என்ன ஆகிறது?

சிப்பிப்பாறை விருதுநகர் மாவட்டத்தில் இருக்கும் ஊர். அந்தப் பெயர் கொண்ட நாய் முயல் துரத்த வளர்க்கப்பட்டது. மூக்கைவிடக் கண்ணை நம்பி ஓடும். நீண்ட கால், ஆழமான நெஞ்சு, ஒட்டிய வயிறு. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இன்று வேட்டை குற்றம், அதுதான் சரியும்கூட. ஆனால் ஓடுகிற ஆசை நாயிடம் அப்படியே இருக்கிறதே!

இப்போது பெருங்குடிக்கு வருவோம். ஓ.எம்.ஆர். பக்கம் இரண்டு பெட்ரூம் ஃப்ளாட். வீட்டில் இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். காலை ஒன்பது முதல் இரவு ஏழு வரை நாய் தனியாக இருக்கும். சோபா கிழியும், செருப்பு காணாமல் போகும், குரைப்பதாகப் பக்கத்து வீட்டிலிருந்து புகார் வரும். "ரொம்ப சேட்டை" என்பார்கள். சேட்டை இல்லை சார், அதற்கு ஓட இடமில்லை. குடியிருப்போர் சங்கம் நாய் வளர்க்கத் தடை போடக்கூடாது என்று விலங்குகள் நல வாரியம் 2015-இல் சொல்லியிருக்கிறது. நல்லது. ஆனால் அதனால் நாய்க்கு மைதானம் கிடைத்துவிடாது.

பக்கத்திலேயே பள்ளிக்கரணை சதுப்பு நிலம் இருக்கிறதே என்று சிலருக்குத் தோன்றலாம். கூடவே கூடாது. 2022-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த இடம் அது. பறவையைக் கண்டால் இந்த நாய் கூப்பிட்ட குரலுக்குத் திரும்பாது.

அப்படியானால் என்ன செய்வது? வெயில் ஏறுமுன் ஒரு முறை, சாயங்காலம் தார் ரோடு ஆறிய பிறகு ஒரு முறை நல்ல நடை. சுற்றுச்சுவர் உள்ள காலி மைதானம் கிடைத்தால் மட்டும் அவிழ்த்துவிடலாம். தலை ஒடுக்கமானது என்பதால் சாதாரணக் கழுத்துப்பட்டை கழன்றுவிடும். இழுத்தால் இறுகும் பட்டை வேண்டும். விலா எலும்பு லேசாகத் தெரிவது இந்த ஜாதிக்கு இயல்பு. அதைப் பார்த்துப் பயந்து சோற்றைக் கொட்டிக் குண்டாக்கக் கூடாது. வெறிநாய்க்கடித் தடுப்பூசி, மாநகராட்சி உரிமம் இரண்டும் கட்டாயம். சுத்த வெள்ளை ராஜபாளையம் கேட்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: இந்த வெள்ளை நாய்களில் செவிட்டுக் குட்டிகளும் பிறப்பதுண்டு. வாங்குமுன் குட்டிக்குப் பின்னால் நின்று கைதட்டிப் பார்ப்பது நல்லது.

நாட்டு நாய் இனம் அழியக்கூடாது என்ற ஆசை நியாயமானது. ஆனால் பத்துப் பன்னிரண்டு வருஷம் வாழப்போகும் ஒரு ஓட்டக்காரனை பால்கனியில் கட்டிப்போட்டால் இனம் காப்பாற்றப்படாது. தினமும் இரண்டு மணி நேரம் ஒதுக்க முடிகிறவர்கள் தாராளமாக வளர்க்கட்டும். முடியாதவர்கள் வாங்காமல் இருப்பதே அந்த நாய்க்குச் செய்யும் உதவி.