பத்து நிமிஷம்

முதுநிலைப் படிப்பின் இரண்டாம் ஆண்டில் எங்களுக்கு ஒரு பயிலரங்கு நடத்தினார்கள். தலைப்பு, மருத்துவர்களின் மீள்திறன். பேச வந்தவர் நல்லவர், நன்றாகத்தான் பேசினார். ‘தினமும் ஏழு மணி நேரம் தூங்குங்கள்’ என்ற ஸ்லைடு திரையில் வந்தபோது, முன்வரிசையில் மூன்று பேர் உட்கார்ந்தபடியே அதைச் செய்துகொண்டிருந்தார்கள்.

1992-இல் மத்திய சுகாதார அமைச்சகம் ரெசிடெண்ட் டாக்டர்களுக்குப் பணிநேரம் வகுத்தது. சாதாரணமாக நாளுக்கு 12 மணி நேரம், வாரத்துக்கு 48. 2024-இல் தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு, வாரத்துக்கு 74 மணி நேரத்தைத் தாண்டவேண்டாம் என்று பரிந்துரைத்தது. முப்பத்திரண்டு வருஷத்தில் எண் எந்தப் பக்கம் போயிருக்கிறது, பாருங்கள். நான் தாக்குப்பிடித்த வழிகளைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் அவை எதுவும் அந்த எண்ணுக்குப் பதில் இல்லை.

மருத்துவர்களின் சோர்வை அளக்க உலகமெங்கும் பயன்படுவது கிறிஸ்டினா மாஸ்லாக்கும் சூசன் ஜாக்சனும் 1981-இல் வெளியிட்ட அளவுகோல். அதில் மூன்று பகுதிகள். மனம் வற்றிப்போவது ஒன்று, செய்வதில் பயனில்லை என்று தோன்றுவது இன்னொன்று. எனக்கு வந்தது மற்றது: எதிரே இருப்பவர் மனிதராகத் தெரியாமல் போவது.

குழந்தைகள் வார்டில் அது முதலில் பேச்சில்தான் தொற்றும். ‘ஏழாம் பெட் ஃபிட்ஸ்’, ‘நேத்து வந்த டெங்கு’. ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் ஒரு அம்மா ஓடிவந்து கையைப் பிடித்தார். மகன் பேரைச் சொன்னார். எனக்கு ஒன்றும் வரவில்லை. அவரே புரிந்துகொண்டு, “பதினோராம் பெட்டு மேடம்” என்றார். உடனே எல்லாம் வந்தது. பிளேட்லெட் எண்ணிக்கை, ட்ரிப்ஸ் ஓடிய வேகம், வயிற்றில் நீர் கோத்த நாள். அந்தப் பையனின் முகம் மட்டும் வரவேயில்லை.

எங்கள் வார்டில் ஒரு சீனியர் சிஸ்டர் இருந்தார். ஓய்வுபெற இரண்டு வருஷம் பாக்கி. டெங்கு சீசனில் ஒரு இரவு, ஐந்து வயசுப் பையன். நாற்பது நிமிஷம் நெஞ்சை அழுத்திவிட்டு டிக்ளேர் பண்ணும்போது மணி மூன்று பத்து. கேஸ் ஷீட்டில் எழுதிக்கொண்டிருக்கும்போதே அடுத்த குழந்தை ட்ராலியில் வந்துவிட்டது. எழுந்தேன். சிஸ்டர் குறுக்கே நின்றார்.

“டாக்டரம்மா, பத்து நிமிஷம் உக்காருங்க. அந்தப் புள்ளைய உங்க கூட இருக்கிறவர் பாக்குறாரு, சொல்லிட்டேன்.”

இன்ஜெக்‌ஷன் ரூமில் ஸ்டூலைப் போட்டார். பிளாஸ்கிலிருந்து டீயை ஊற்றிக் கொடுத்தார்.

“பையன் பேரு என்ன, சொல்லுங்க.”

சொன்னேன்.

“என்ன சட்ட போட்டிருந்தான்?”

மஞ்சள் சட்டை. பாக்கெட்டில் ஒரு கார் படம். ஊசி போட வசதியாக அதைக் கத்தரியால் வெட்டியதே நான்தான். அதைச் சொல்ல ஆரம்பித்ததும் அழுகை வந்தது. சிஸ்டர் தேற்றவெல்லாம் இல்லை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். “சரி, மொகத்த கழுவிட்டு வாங்க. நாலாம் பெட்ல ட்ரிப்ஸ் முடியப்போகுது.”

அதற்குப் பிறகு நாங்கள் ஐந்து பிஜிக்களும் அதை ஒரு சட்டமாக வைத்துக்கொண்டோம். டிக்ளேர் பண்ணியவருக்குப் பத்து நிமிஷம், அதுவரை மற்றவர் வார்டைப் பார்க்கவேண்டும். சீஃபிடம் அனுமதி கேட்கவில்லை. ஆனால் ஒருநாள் ரவுண்ட்ஸில் என் பக்கம் திரும்பாமலே, “ராத்திரி உக்காந்தியாம்மா?” என்று கேட்டார். அக்டோபர், நவம்பரில் ஒரே ஆள் டியூட்டி பார்க்கும் இரவுகளில் பத்து நிமிஷம் இரண்டாகும். சில நாள் காலையில் கேட்டுக்கு எதிரே டீக்கடையில்தான்.

1950-களில் லண்டனில் மைக்கேல் பாலிண்ட் என்பவர் குடும்ப மருத்துவர்களைக் கூட்டி உட்காரவைத்து, நோயைப் பற்றி அல்லாமல் நோயாளிக்கும் தங்களுக்கும் நடுவே நடப்பதைப் பேசவைத்தார் என்று பின்னால் படித்தேன். சிஸ்டரிடம் சொன்னேன். “டீ கொடுத்தாராமா?” என்றார்.

மற்றபடி என் பழக்கங்கள் சின்னவை. இரவு டியூட்டி முடிந்ததும் வண்டியை எடுப்பதற்கு முன் டியூட்டி ரூமில் இருபது நிமிஷமாவது படுத்துவிடுவேன். ஒரு கையடக்க நோட்டு. தினமும் ஒரு குழந்தையின் பேர், பக்கத்திலேயே நோய்க்குச் சம்பந்தமில்லாத ஒரு வரி. ‘முயல் வளர்க்கிறாள்.’ ‘அப்பா பரோட்டா மாஸ்டர்.’ ‘வார்டுப் பூனைக்குப் பேர் வைத்திருக்கிறான்.’

எங்கள் ஐவரில் ஒருவன் மூன்றாம் ஆண்டு தொடங்குமுன் படிப்பை விட்டுவிட்டான். பாண்டு பணத்தை அவன் அப்பா கடன் வாங்கிக் கட்டினார். அவனும் எங்களோடு டீ குடித்தவன்தான். மனதிடம் இல்லை என்றார்கள். மூன்று இரவில் இரண்டு இரவு விழித்தவனைப் பற்றி, தூங்கி எழுந்து வந்தவர்கள் சொன்னது அது. இப்போது ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் எட்டு மணி நேர ஷிஃப்ட் பார்க்கிறான். “பேஷண்ட் பேரெல்லாம் ஞாபகம் இருக்குடி இப்ப” என்றான் போனில். பத்து நிமிஷத்தைப் பற்றி யாராவது புகழ்ந்தால் எனக்கு அவன் குரல்தான் கேட்கிறது.

நான் இப்போது உதவிப் பேராசிரியர். போன மாதம் புதிதாக வந்த பிஜியிடம் இந்தச் சட்டத்தைச் சொன்னேன். தலையாட்டிவிட்டுக் கேட்டான். “மேடம், நாளைக்கு நைட் நான் ஒருத்தன்தான். அந்தப் பத்து நிமிஷம் வார்ட யாரு பாப்பாங்க?”

டியூட்டி லிஸ்டை எடுத்துவரச் சொன்னேன்.