பழைய கடிகாரமும் புதிய முகமும்

மும்பையில் வாழும் நம்மவர்களுக்கு மாதுங்காவின் பூக்கடைகள் தெரிந்த அளவுக்குச் சோர் பஜார் தெரியாது. கிராண்ட் ரோடு ரயில் நிலையத்தில் இறங்கிக் கிழக்கு நோக்கி நடந்தால், ஜன நெரிசல் மிகுந்த தெருக்களைக் கடந்து மட்டன் ஸ்ட்ரீட் என்னும் வீதியை அடையலாம். கிராமபோன் பெட்டிகள், கப்பல்களிலிருந்து கழற்றிய விளக்குகள், பழைய சினிமா விளம்பரத் தாள்கள், பீங்கான் ஜாடிகள் யாவும் கடை வாசல்வரை வந்து வழிமறிக்கும். வெள்ளிக்கிழமைகளில் இக்கடைகள் மூடியிருக்க, விடியற்காலையிலேயே தெருவில் துணி விரித்து வேறொரு சந்தை கூடுகிறது. இரைச்சலைக் குறிக்கும் 'ஷோர்' என்ற சொல்லே நாளடைவில் திருடனைக் குறிக்கும் 'சோர்' என்று திரிந்துவிட்டது என்பார்கள். அந்த இரைச்சலைக் கேட்டவர்கள் இதை எளிதில் நம்புவார்கள்.

நாங்கள் அங்கே சென்றது ஒன்றும் வாங்குவதற்கு அன்று. குடும்பத்தில் எழுந்த ஒரு வழக்கைத் தீர்த்துக்கொள்வதற்கு. ஜி.ஐ.பி. ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்த எங்கள் பாட்டனார் விட்டுச் சென்ற கைக்கடிகாரம் ஒன்று எங்களிடம் இருக்கிறது. அவருக்குப் பின் எங்கள் தந்தையாரும் அதைக் கட்டியிருந்தார். வெஸ்ட் எண்ட் வாட்ச் கம்பெனியின் கடிகாரம் அது. ஸ்விட்ஸர்லாந்துக்காரர்களின் அந்த நிறுவனம் 1886-ல் பம்பாயில் கால் ஊன்றிற்று. அதன் கடிகாரங்கள் படைவீரர்களிடமும் ரயில்வே ஊழியர்களிடமும் பெரிதும் புழங்கின. எங்கள் கடிகாரத்தின் வெள்ளி நிற முகப்பில், கம்பெனியின் பெயருக்குக் கீழே, பொடி எழுத்தில் 'பம்பாய் - கல்கத்தா' என்று அச்சாகியிருக்கிறது. எத்தனையோ மழைக்காலங்களின் ஈரம் உள்ளே புகுந்து, அடிப்பகுதியில் பழுப்புக் கறை படர்ந்துவிட்டது. விநாடி முள்ளுக்குரிய சிறு வட்டத்தில் கோடுகள் பாதி அழிந்து போயின.

எங்கள் தமக்கையின் மகனுக்கு வருகிற தை மாதத்தில் திருமணம். கொள்ளுத்தாத்தாவின் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு மணவறையில் அமர வேண்டும் என்பது அவன் ஆசை. "டயலை மட்டும் புதிதாக்கிவிடலாம், மாமா" என்றான். தமக்கையோ, "தாத்தாவும் அப்பாவும் மணி பார்த்த முகமடா இது" என்று மறுத்துவிட்டாள். இரண்டிலும் நியாயம் இருக்கவே, முகப்புப் புதுப்பிக்கும் தொழிலாளர் ஒருவரிடம் மூவருமாகப் போனோம்.

அவர் பொறுமையாக விளக்கினார். முகப்பு என்பது பித்தளைத் தகடு. அதன்மேல் மெல்லிய வெள்ளிப் பூச்சு. அதற்குமேல் எழுத்துகளும், யாவற்றையும் காக்கும் நிறமற்ற வார்னிஷும். ஈரத்தில் வார்னிஷ் மஞ்சளித்து வெடிக்கிறது, வெள்ளி கறுக்கிறது. புதுப்பிப்பவர் கறையை மட்டும் பிரித்து எடுக்க இயலாது. எழுத்து உட்பட எல்லாவற்றையும் கரைத்து, தகட்டைத் தேய்த்து வெறுமையாக்கி, மறுபடியும் பூச்சுக் கொடுத்துப் புதிதாக அச்சிடுகிறார். எஞ்சுவது தகடு ஒன்றே. 'பம்பாய் - கல்கத்தா' என்ற எழுத்துகள் திரும்ப வருமா என்று கேட்டோம். அவ்வளவு பொடி எழுத்துக்குத் தம்மிடம் அச்சு இல்லை என்றும், கம்பெனியின் பெயரை மட்டும் போட்டுத் தரலாம் என்றும் அவர் ஒளிக்காமல் சொன்னார்.

பின்பு சோர் பஜாரின் கண்ணாடிப் பெட்டிகளைப் பார்த்தபோது அவர் சொன்னதன் பொருள் விளங்கிற்று. மயில் நீலம், குங்குமச் சிவப்பு என்று, செய்தவர்கள் கனவிலும் எண்ணாத வர்ணங்களில் பழைய கடிகாரங்கள் பளபளத்தன. எழுத்துகள் தடித்திருந்தன, நிமிஷக் கோடுகள் எண்களுக்கு நேராக நிற்கவில்லை. இத்தகையவற்றை வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் 'மும்பை ஸ்பெஷல்' என்று கேலியாக அழைப்பதுண்டு. ஆனால் இத்தொழிலை நாம் இகழ்வதற்கில்லை. குப்பைக்குப் போகவிருந்த கடிகாரங்களை ஓடவைத்து, எளியவர்களும் வாங்கும் விலையில் தருபவர்கள் இவர்களே. குடும்பக் கதை எதுவும் இல்லாத கடிகாரத்துக்குப் புது முகம் ஒரு குற்றமாகாது.

மாலையில் கோட்டைப் பகுதிக்குச் சென்று, பல்கலைக்கழகத்தின் ராஜாபாய் கோபுரத்தின் எதிரே நின்றோம். பிரேம்சந்த் ராய்சந்த் தம் அன்னையின் பெயரால் பொருளுதவி செய்து, 1878-ல் முடிவுற்ற கோபுரம் அது. 2013 முதல் 2015 வரை அதைச் செப்பனிட்டார்கள். பழைய கல்லையும் வர்ணக் கண்ணாடிகளையும் பேணிக் காத்தார்களேயன்றி, புதுக் கோபுரம் கட்டிவிடவில்லை. இந்தியா முழுமைக்கும் 1906-ல் பொது நேரம் வகுக்கப்பட்ட பின்னரும், பம்பாய் நகரம் அதற்கு 39 நிமிஷம் பிந்திய தன் சொந்த நேரத்தை நெடுங்காலம் விடவில்லை. ரயிலுக்கு ஒரு நேரம், ஊருக்கு ஒரு நேரம் என்று இரண்டையும் மனத்தில் கொண்டே பாட்டனார் இக்கடிகாரத்தைப் பார்த்திருப்பார். இதைச் சொன்னதும் மருமகன் கடிகாரத்தை வாங்கிச் சற்று நேரம் உற்றுப் பார்த்தான். "பம்பாய் என்ற பெயர் போய்விடும் என்றால் வேண்டாம், மாமா" என்றான்.

ஆகவே, உள்ளிருக்கும் யந்திரத்தைக் கழற்றிச் சுத்தம் செய்து எண்ணெய் இடுவது, கீறல் விழுந்த கண்ணாடியை மாற்றுவது, முகப்பின் தூசியை மட்டும் ஊதி அகற்றுவது என்று முடிவு செய்தோம்.

இத்தகைய கடிகாரம் வைத்திருக்கும் அன்பர்களுக்குச் சில வார்த்தைகள். முகப்பை நீராலோ துணியாலோ துடைக்கலாகாது. எழுத்து துணியோடு வந்துவிடும். பூச்சு உதிர்ந்து பற்சக்கரங்களில் விழுமானால் சும்மா இருப்பது தவறு. இருளில் ஒளிரும் பழைய பூச்சில் ரேடியம் இருக்கலாம். ஒளி மங்கினாலும் அதன் தீங்கு மங்குவதில்லை. ஆதலால் அதைச் சுரண்ட விடக்கூடாது. புது முகம் வேண்டியே தீரும் என்றால், பொருந்தக்கூடிய வேறொரு முகப்பைத் தேடிப் பொருத்தி, பழையதை ஒரு சிமிழில் இட்டுக் காப்பாற்றுங்கள். பின்னால் வரும் பிள்ளைகள் விரும்பினால் அதையே மறுபடியும் பொருத்திக்கொள்ளலாம்.