விடுபட்ட சொல்லின் இடத்தில் எந்த மொழி?

2016 ஆகஸ்டில் துளு விக்கிப்பீடியா தனித்தளமாகத் திறக்கப்பட்டது. கலைக்களஞ்சியம் என்றதும் எல்லோருக்கும் கட்டுரைகளின் எண்ணிக்கைதான் நினைவுக்கு வரும். ஆனால் அடைகாப்பகத்திலிருந்து ஒரு மொழியின் விக்கிப்பீடியா வெளியே வருவதற்குக் கட்டுரைகள் மட்டும் போதா. விக்கிமீடியாவின் மொழிக்குழு இன்னொரு நிபந்தனையையும் வைத்திருக்கிறது: மீடியாவிக்கி மென்பொருளில் மிகுதியாகப் பயன்படும் இடைமுகச் செய்திகள் அம்மொழியில் பெயர்க்கப்பட்டிருக்க வேண்டும். 'சேமி', 'தேடு', 'புகுபதிகை' போன்ற சிறு சொற்களும், 'இப்பக்கத்தை நீங்கள் தொகுக்க இயலாது' போன்ற நீண்ட தொடர்களும் இதில் அடங்கும். யாரும் வாசிக்க விரும்பித் திறக்காத ஒரு கோப்பு, ஒரு மொழிக்கு நுழைவுச்சீட்டாகிறது. மொழியியல் துறைகளில் இந்தக் கோப்புகளைப் பற்றி ஏறக்குறைய எவரும் பேசுவதில்லை.

துளு அடைகாப்பகத்தில் பல ஆண்டுகள் இருந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி துளுவைத் தாய்மொழியாகக் கொண்டோர் 18 லட்சத்துக்கும் மேல். எட்டாவது அட்டவணையில் துளுவுக்கு இடமில்லை. பெங்களூருவின் தொம்மலூரிலிருந்து செயல்பட்ட இணையம் மற்றும் சமூகத்துக்கான மையத்தின் 'அறிவை அணுகுதல்' திட்டம் துளு ஆர்வலர்களுக்குத் துணை நின்றது. கன்னடக் கணினித் துறையில் நன்கு அறியப்பட்ட யு. பி. பவனஜ அம்முயற்சியில் ஈடுபட்டோருள் ஒருவர். (தொம்மலூர்ச் சொக்கநாதர் கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகள் இருப்பதும் இங்கே நினைவுக்கு வருகிறது. அவ்வூருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட மொழி புதிதன்று.)

செய்திக் கோப்பு எவ்வாறு ஏற்றப்படுகிறது என்பதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். விவகாரம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது. மீடியாவிக்கியில் ஒவ்வொரு செய்திக்கும் ஒரு திறவுச்சொல் உண்டு. ஒவ்வொரு மொழிக்கும் ஒரு ஜேசன் கோப்பு; அதில் திறவுச்சொல்லும் அதற்குரிய பெயர்ப்பும் இணை இணையாக நிற்கும். 2014 வரை இவை பிஎச்பி அணிகளாக இருந்தன. பெயர்ப்பு வேலை டிரான்சிலேட்விக்கி என்னும் தளத்தில் நடக்கிறது. பின்லாந்தைச் சேர்ந்த நிக்லாஸ் லாக்ஸ்ட்ரோம் தொடங்கிய தளம் அது. அங்கே தன்னார்வலர் எழுதுவது மென்பொருளின் மூலக்களஞ்சியத்துக்குச் சென்று, அங்கிருந்து வழங்கிகளை அடைகிறது. வழங்கி அக்கோப்புகளைப் படித்து, மொழிவாரியாகத் தொகுத்து, விரைந்து எடுப்பதற்கு ஏற்ற வடிவில் சேமித்துக்கொள்கிறது. பக்கம் திறக்கும் ஒவ்வொரு முறையும் கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தால் தளம் நகராது.

அந்தத் தொகுப்பின்போது ஒரு முடிவு எடுக்கப்படுகிறது. கோப்பில் ஒரு திறவுச்சொல்லுக்குப் பெயர்ப்பு இல்லையென்றால் என்ன செய்வது? மென்பொருள் பிழை காட்டி நிற்பதில்லை. அம்மொழிக்கென்று குறிக்கப்பட்டுள்ள பதிலி மொழியின் கோப்புக்குப் போகிறது; அங்கும் இல்லையென்றால் அடுத்ததற்கு; எல்லா வரிசைகளும் இறுதியில் ஆங்கிலத்தில் முடிகின்றன. ஆங்கிலத்திலும் இல்லாதபோதுதான் திறவுச்சொல் வெறுமையாக அடைப்புக்குறிக்குள் தோன்றும். துளுவுக்குக் குறிக்கப்பட்ட பதிலி மொழி கன்னடம். மொழியின் அமைப்புக் கோப்பில் ஒரே ஒரு வரி அது.

இந்த ஒற்றை வரிகளை எல்லா மொழிகளுக்கும் சேர்த்து வாசித்தால், கிடைப்பது மொழிக்குடும்ப மரமன்று. ஆட்சிப் பரப்புகளின் வரைபடம். கெல்திய மொழியாகிய பிரெத்தோனுக்குப் பதிலி பிரெஞ்சு. மேற்கு ஆப்பிரிக்க வொலோஃபுக்கும் பிரெஞ்சு. சிரிலிக் எழுத்திலுள்ள தாத்தாருக்கு ரஷ்யன். இம்மொழிகளுக்கும் அவற்றின் பதிலிகளுக்கும் இடையே பேரரசும் பள்ளிக்கூடமும் உண்டேயன்றி நெருங்கிய உறவு கிடையாது. துளுவும் கன்னடமும் ஒரே குடும்பம் என்பதால் அந்த இணைப்பு இயல்பாகத் தோன்றுகிறது. ஆயினும் உறவு நெருக்கத்தைக் கருதி அவ்வரி எழுதப்பட்டிருக்கும் என்று நம்புவது கடினம். பள்ளியில் துளுவர் படிப்பது கன்னடம், கடைப்பலகை கன்னடம், விக்கிப்பீடியாவில் துளு எழுதப்படுவதும் கன்னட எழுத்தில்தான்.

நியாயத்துக்கு ஒரு சொல். அந்த வரி தவறு என்று எளிதில் சொல்லிவிட முடியாது. மங்களூரிலிருந்து வந்து பெங்களூருவில் வாழும் துளுவர் ஒருவர் தம் மொழித் தளத்தைத் திறக்கிறார் என்று கொள்வோம். விடுபட்ட இடத்தில் கன்னடம் வந்தால் அவர் படித்துப் புரிந்துகொள்வார். ஆங்கிலம் வந்தால் அவருடைய பாட்டி அங்கேயே நின்றுவிடக்கூடும். பயன்பாடு என்ற அளவுகோலில் கன்னடமே சரி.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. தமிழுக்கு மீடியாவிக்கியில் பதிலி மொழி கிடையாது; நேரே ஆங்கிலம். ஆகவே தமிழ்த் தளத்தில் ஒரு செய்தி பெயர்க்கப்படாமல் இருந்தால், சோற்றில் கல் போல உரோம எழுத்து உறுத்தும். உறுத்துவதால் யாரோ ஒருவர் போய்ப் பெயர்த்துவிடுவார். துளுத் தளத்தில் விடுபட்ட செய்தியும் பெயர்த்த செய்தியும் ஒரே எழுத்தில் வருகின்றன. மேலோட்டமாகப் பார்க்கும் கண்ணுக்கு எல்லாம் நிறைவாகவே தெரியும். கன்னடத்தில் 'நோடி' என்று வரும் இடத்தில் துளுவில் 'தூலெ' வர வேண்டும் என்பது வாசித்தால்தான் புலப்படும். வாசித்தாலும், கன்னடம் தெரிந்தவருக்கு அது இடறாது. இல்லாமை கண்ணுக்குத் தெரியாதபோது அதை நிரப்ப வருவோர் குறைவார்கள். உதவும் பொருட்டு வைக்கப்பட்ட பதிலி, உதவி தேவைப்படும் இடத்தையே மறைத்துவிடுகிறது.

சொற்களோடு இது நிற்பதுமில்லை. எண்ணுக்கேற்ப ஒருமையா பன்மையா என்று தீர்மானிக்கும் விதிகளை மீடியாவிக்கி யூனிகோட் கூட்டமைப்பின் வட்டாரத் தரவுக் களஞ்சியத்திலிருந்து பெறுகிறது. அந்தக் களஞ்சியத்தில் தமிழுக்கு 1 மட்டுமே ஒருமை. 0 பன்மையோடு சேரும். கன்னடத்துக்கு 0, 1 இரண்டும் ஒருமை. தெலுங்கு தமிழோடு நிற்கிறது. இந்தி கன்னடத்தோடு நிற்கிறது. தனக்கென விதி பதிவுபெறாத மொழி, பதிலி மொழியின் விதியையே எடுத்துக்கொள்கிறது. அதாவது, ஒரு மொழி பூஜ்யத்தை எப்படி எண்ணுகிறது என்பதை அதைப் பேசுவோரிடம் கேட்காமலேயே மென்பொருள் விடை வைத்திருக்கும். திராவிட மொழிகளின் எண் இயைபு பற்றி ஆய்வேடு எழுதுவோர் இந்த இடத்தை ஒருமுறை பார்ப்பது நல்லது. தமிழிலேயே அஃறிணைப் பெயர்களுக்குக் 'கள்' விருப்பத்துக்குரியது என்பதும், 'ஐந்து மாம்பழம் வாங்கினான்' என்பது குறையற்ற தமிழ் என்பதும் அந்த இரட்டைப் பெட்டிக்குள் எங்கே பொருந்தும்?

தமிழின் தலைவலி இன்னொன்று. 'இத்தளத்தில் உங்களுக்குக் கணக்கு உள்ளதா?' என்பது போன்ற செய்திகளில் தளத்தின் பெயருக்கு ஒரு வெற்றிடம் விடப்பட்டிருக்கும். ஏற்றும்போது பெயர் அங்கே செருகப்படும். ஆங்கிலத்தில் முன்னிடைச்சொல் தனியே நிற்பதால் இடர்ப்பாடில்லை. தமிழில் வேற்றுமை உருபு பெயரோடு ஒட்டும். ஒட்டும்போது பெயரும் திரியும். விக்கிப்பீடியாவில், விக்சனரியில், விக்கிமூலத்தில் என்று மூன்று தளங்களுக்கு மூன்று விதம். முதலாவது வகர உடம்படுமெய், இரண்டாவது யகரம், மூன்றாவது அத்துச் சாரியை. நன்னூல் படித்த மாணவருக்கு இது முதல் வாரப் பாடம். மென்பொருளுக்கு எட்டாத தொலைவு. ஃபின்னியம், ஹங்கேரியம், ரஷ்யன் ஆகியவற்றுக்கு மீடியாவிக்கியில் வேற்றுமைத் திரிபைக் கையாளும் நிரல் உண்டு. தமிழுக்கு அப்படி ஒன்று எழுதப்படவில்லை. ஆகவே பெயர்ப்பாளர் ஒரு சிறுகோட்டை இட்டு 'இல்' என்று எழுதுவார், அல்லது 'தளத்தில்' என்னும் சொல்லைப் பின்னால் வைத்துத் தப்புவார். இணையத் தமிழில் பெயருக்கும் உருபுக்கும் நடுவே இவ்வளவு சிறுகோடுகள் முளைத்ததற்கு எழுதுவோரின் சோம்பல் மட்டுமே காரணமன்று.

மரியாதையும் ஒரு வழக்கு. தமிழ் விக்கிப்பீடியாவில் 'தொகு' என்று ஓரிடத்தில் வெறும் வேர்ச்சொல் ஏவலாக நிற்க, பக்கத்திலேயே 'வரலாற்றைக் காட்டவும்' என்று வியங்கோள் நிற்பதைப் பலரும் கண்டிருப்பர். முதலாவது மென்பொருளுக்கு இடும் கட்டளையா, வாசகருக்கு விடும் அழைப்பா? வெவ்வேறு ஆண்டுகளில் வெவ்வேறு பெயர்ப்பாளர் வெவ்வேறாகக் கருதியிருக்கலாம். கோப்பு எல்லாவற்றையும் ஒரே வேகத்தில் ஏற்றிவிடுகிறது. 'தூலெ' மரியாதை வடிவம் என்பதால், துளுப் பெயர்ப்பாளர்கள் இவ்விடத்தில் தமிழைவிடச் சற்றுத் தெளிவாகவே நடந்துகொண்டதாகத் தோன்றுகிறது.

லினக்சு உலகில் பழகியோர் அறிந்த கெட்டெக்ஸ்ட் முறை இதினும் வேறு. அதில் ஆங்கிலத் தொடரே திறவுச்சொல். பெயர்ப்பு இல்லையேல் திறவுச்சொல்லே திரையில் விழும். அதாவது ஆங்கிலம் அடித்தளத்திலேயே வார்க்கப்பட்டிருக்கிறது. ஒரே ஆங்கிலச் சொல் 'திற' என்றும் 'திறந்துள்ளது' என்றும் பொருள்படும்போது இரண்டையும் பிரிப்பதற்குச் சூழல் குறிப்பு 2006இல்தான் அதில் சேர்ந்தது. மீடியாவிக்கியில் ஆங்கிலமும் ஒரு கோப்பு மட்டுமே. அங்கே இன்னொரு விந்தையும் உண்டு. பேசுவோர் எவருமற்ற ஒரு மொழிக்குறியீடு, 'கியூகியூகியூ', பெயர்ப்பாளருக்கான விளக்கங்களுக்கென்றே வைக்கப்பட்டுள்ளது. இச்சொல் வினையா பெயரா, எந்தப் பொத்தானில் வரும், செருகப்படுவது பயனர் பெயரா எண்ணா என்பதெல்லாம் அங்கே எழுதப்பட்டிருக்கும். களப்பணிக் குறிப்பேட்டுக்கு இவ்வளவு நெருங்கிய ஒன்று மென்பொருளுக்குள் இருப்பது நம் துறையினர் பலருக்குத் தெரியாது.

ஒவ்வொரு ஜேசன் கோப்பின் தலைப்பிலும் அதைப் பெயர்த்தவர்களின் பயனர் பெயர்கள் வரிசையாக இருக்கும். ஏற்றும்போது மென்பொருள் அப்பகுதியை நீக்கிவிட்டுச் செய்திகளை மட்டும் எடுத்துக்கொள்கிறது. துளுக் கோப்பின் அந்தப் பட்டியல் நீளமானதன்று.

2024 செப்டம்பரில் வெளிவந்த யூனிகோட் 16.0இல் துளு-திகளாரி எழுத்து இடம்பெற்றது. அவ்வெழுத்தில் ஒரு செய்திக் கோப்பு உருவாகுமானால் அதற்கும் ஒரு பதிலி வரி எழுதப்பட வேண்டும். முதலில் கன்னட எழுத்திலுள்ள துளு என்பதில் ஐயமிராது. அப்போது விடுபட்ட செய்திகள் வேற்றெழுத்தில் உறுத்தத் தொடங்கும். துளுவும் கன்னடமும் ஒருசேர.