காற்றைக் கேட்காத கீசர்

புனேயின் கஸ்பா பேட்டையில் தாம்பட் ஆளி என்று ஒரு தெரு உண்டு. பேஷ்வாக்கள் காலத்தில் வந்து குடியேறிய செம்பு வேலைக்காரர்களின் வழிவந்தவர்கள் இன்றும் அங்கே தகட்டைத் தட்டிப் பாத்திரமாக்குகிறார்கள். அவர்கள் கையில் உருவான சாமான்களில் ஒரு காலத்தில் முக்கியமானது வெந்நீர் அண்டா. நம் ஊர் பாய்லரின் அமைப்புதான்: நடுவில் மேலும் கீழும் திறந்த குழாய், அதற்குள் விறகு எரியும், சுற்றிலும் தண்ணீர், பக்கத்தில் திறந்து பிடிக்க ஒரு பித்தளைக் குழாய். அது புகையும். காற்றோட்டம் இல்லாத இடத்தில் வைத்தால் கண் எரியும், இருமல் வரும். யாரும் சொல்லாமலே ஜன்னலைத் திறப்பார்கள், இல்லையென்றால் அண்டாவைக் கொல்லைப்புறத்துக்கு நகர்த்துவார்கள். இன்று அதே பேட்டைகளில் குளியலறைச் சுவரில் தொங்குவது கேஸ் கீசர். புகை கிடையாது, கரி கிடையாது, குழாயைத் திறந்தால் வெந்நீர். அந்தக் கீசர்களைப் பழுதுபார்க்கும் மிஸ்திரிகளின் வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தபோது, அவர்கள் தொழிலின் பெருமையும் அதில் விட்டுப்போன ஒரு பாகமும் சேர்ந்தே என் கண்ணில் பட்டன.

டிசம்பர், ஜனவரியில் புனேயில் சில இரவுகளில் வெப்பம் பத்து டிகிரிக்கும் கீழே இறங்கும். அப்போதுதான் மிஸ்திரிகளுக்கு ஓயாத வேலை. "தாதா, பாதிக் குளியலில் அணைந்துபோகிறது" என்பதே அதிகம் கேட்கும் புகார். அனுபவமுள்ள மிஸ்திரி உடனே திருப்புளியை எடுப்பதில்லை. குழாயைத் திறந்துவிட்டுக் காதைக் கொடுக்கிறார். தண்ணீர் ஓடத் தொடங்கியதும் உள்ளே இருக்கும் ரப்பர் டயாஃப்ரம் அழுந்தி ஒரு ஊசியைத் தள்ளும், ஊசி மைக்ரோ சுவிட்சைத் தட்டும், 'டிக்'. இரண்டு பெரிய டார்ச் பேட்டரிகளின் 3 வோல்ட் மின்சாரம் பாய்ந்து பொறி தெறிக்கும். சடசடவென்று ஒரு சத்தம். அதே நேரத்தில் சோலினாய்டு வால்வு கேஸைத் திறந்துவிடும். மெல்லிய 'புஸ்' என்று பற்றும். பர்னருக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் சென்சார் கம்பி, சுடர் வழியாகப் பாயும் மிகச் சிறிய மின்னோட்டத்தைக் கொண்டு நெருப்பு இருக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்றால் சில விநாடிகளில் வால்வு மூடிக்கொள்ளும். இந்த வரிசை எந்த இடத்தில் அறுபடுகிறது என்பதைச் சத்தத்திலேயே பிடித்துவிடுகிறார்கள். 'டிக்' வராவிட்டால் கோளாறு தண்ணீர்ப் பக்கம். 'டிக்' வந்தும் பொறி வராவிட்டால் மின்சாரப் பக்கம். பொறி வந்தும் பற்றாவிட்டால் கேஸ் பக்கம். பெட்டியைத் திறக்கும் முன்பே பாதி வேலை முடிந்துவிடுகிறது.

திறந்த பிறகு நடப்பதிலும் நுணுக்கம் உண்டு. தளர்ந்த பேட்டரியைக்கூடக் கழற்றி மீட்டரில் வைத்தால் சரியாகவே காட்டும். பொறியும் சோலினாய்டும் ஒன்றாக இழுக்கும்போதுதான் அதன் வோல்டேஜ் சரியும். அதனால் நல்ல மிஸ்திரி குழாயைத் திறந்து, கீசர் வேலை செய்யும்போதே அளக்கிறார். குளியலறை ஈரத்தில் பேட்டரி முனையில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். கத்தி முனையால் அதைச் சுரண்டிவிட்டாலே பல கீசர்கள் உயிர் பெறும். மேல்மாடி வீடுகளில் கதை வேறு. மொட்டைமாடித் தொட்டி இரண்டு மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது என்றால் கிடைக்கும் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 0.2 கிலோதான். குறைந்த அழுத்தத்துக்கென்று செய்த கீசருக்கே அது விளிம்பு. உள்ளே போகும் வலையில் கொஞ்சம் மண் சேர்ந்தால் போதும், டயாஃப்ரம் அசையாது. கேஸ் பக்கமும் இப்படித்தான். நிமிடத்துக்கு ஆறு லிட்டர் தண்ணீரை 25 டிகிரி சூடேற்ற ஏறத்தாழ பத்தரைக் கிலோவாட் வேண்டும். அடுப்பின் பெரிய பர்னர்கள் ஐந்தைச் சேர்த்து எரிப்பதற்குச் சமம். அந்த வேகத்தில் கேஸை இழுக்கும்போது சிலிண்டருக்குள் திரவம் ஆவியாகி ஆவியாகிக் குளிர்ந்துபோகும், அழுத்தம் குறையும். பனிக்காலக் காலையில், முடியப்போகும் சிலிண்டரோடு, முதலில் நன்றாக எரிந்து பிறகு தளர்ந்து அணையும் கீசரில் பழுதான பாகம் எதுவும் இருக்காது. குழாய் கேஸ் வந்த வீடுகளில் இன்னொரு சிக்கல் சேர்ந்துகொண்டது. கெயிலும் பாரத் பெட்ரோலியமும் சேர்ந்து 2006இல் தொடங்கிய மகாராஷ்டிரா நேச்சுரல் கேஸ் நிறுவனம் புனேயில் குழாய் கேஸ் கொடுக்கிறது. அந்த கேஸுக்கு, அதே கன அளவில், சிலிண்டர் கேஸின் வெப்பத்தில் பாதிகூடக் கிடையாது. வரும் அழுத்தமும் குறைவு. பழைய கீசரை அப்படியே மாட்டினால் ஜெட் துளை போதாமல் சுடர் சோர்ந்துவிடும். ஜெட்டைச் சரியான அளவுக்கு மாற்ற வேண்டும்; துளையைக் கண்மதிப்பில் குடைந்து பெரிதாக்குவது மாற்றுவதாகாது.

இவ்வளவு நுட்பமான தொழிலில் எங்கே குறை என்கிறேன் என்றால், கீசர் கேட்கும் கேள்விகளை மட்டுமே மிஸ்திரியும் கேட்கிறார் என்பதில்தான். தண்ணீர் ஓடுகிறதா, நெருப்பு இருக்கிறதா, சூடு மிஞ்சிவிட்டதா என்று கீசர் கேட்கிறது. காற்று போதுமா என்று கேட்பதில்லை. காற்றைக் கேட்கும் கருவிகளும் உண்டு. அமெரிக்காவிலும் கனடாவிலும் காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் முகாம் வண்டிகளில் அறையைச் சூடேற்ற ஒரு புரொப்பேன் கணப்பு இருக்கும். அதுவும் இதேபோல அடிக்கடி படுத்தும் கருவிதான். ஆனால் அதன் வரிசை வேறு. முதலில் விசிறி சுழல வேண்டும். அந்தக் காற்று ஒரு சிறு தகட்டைத் தள்ளி சுவிட்சைத் தட்ட வேண்டும். பிறகே கேஸ் வால்வு திறக்கும். வண்டியின் பேட்டரி தளர்ந்து விசிறி மெதுவாகச் சுற்றினால், கணப்பு பற்றவே பற்றாது. எரிவதற்கான காற்றை அது வெளியிலிருந்து எடுத்து, புகையை வெளியிலேயே விடுகிறது. மனிதர்கள் தூங்கும் மூடிய பெட்டிக்குள் வைக்கும் கருவி என்று தெரிந்து வடிவமைத்திருக்கிறார்கள். நம் குளியலறையும் மூடிய பெட்டிதான். அதில் புகைபோக்கி இல்லாத கீசரை மாட்டுகிறோம்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நாலடிக்கு ஆறடி, எட்டடி உயரம். பழைய பேட்டை வீடுகளில் இது சிறிய குளியலறையே அல்ல. உள்ளே ஏறத்தாழ ஐந்தரை கன மீட்டர் காற்று. முழு வேகத்தில் எரியும் கீசர் மணிக்கு ஒரு கிலோ அளவு கேஸைக் குடிக்கும். ஒரு கிலோ கேஸ் முழுமையாக எரியப் பன்னிரண்டு, பதின்மூன்று கன மீட்டர் காற்று வேண்டும். ஆக அரை மணிக்குள் அறையின் மொத்தக் காற்றும் தீரும் கணக்கு. ஆபத்து அதுவரை காத்திருப்பதில்லை. ஆக்சிஜன் 21 சதவீதத்திலிருந்து 18 சதவீதத்துக்கு வந்தாலே சுடர் கெட்டு கார்பன் மோனாக்சைடு பெருகத் தொடங்கும். ஒட்ட அடைத்த அறையில் அந்த நிலையை எட்ட நாலு நிமிடம் போதும். கதவிடுக்கு வழியே காற்று வருவதால்தான் பெரும்பாலும் தப்பிக்கிறோம். பல மாடல்களில் இருபது நிமிடத்தில் அணைக்கும் டைமர் உண்டு. காற்றைக் கேட்கத் தெரியாத கருவிக்கு மாட்டிய மாற்று ஏற்பாடு அது, அதுவும் போதாத ஏற்பாடு. சிலிண்டர் கேஸ் கசிந்தால் அதில் கலந்திருக்கும் மெர்காப்டன் நாறும். எரியும்போது அந்த நாற்றமும் எரிந்துபோகிறது. கார்பன் மோனாக்சைடுக்கோ நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் இறுக்கமாக அதைப் பிடித்துக்கொள்கிறது. குளிக்கப்போனவர் மயங்கி விழுவதையும் வலிப்பு வருவதையும் கண்ட இந்திய நரம்பியல் மருத்துவர்கள் இதற்கு 'கேஸ் கீசர் சிண்ட்ரோம்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். அறையைக் கேள்வி கேட்க ஒருவர் வேண்டும். கீசருக்கு முன்னால் வந்து நிற்கும் ஒரே தொழில் தெரிந்த மனிதர் மிஸ்திரிதான்.

வெந்நீர் வருவதற்குத்தான் கூலி, ஜன்னலைப் பற்றிப் பேசுவதற்கா என்று அவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் சுடரைப் பார்ப்பது ஏற்கெனவே அவர்கள் வேலையில் இருக்கிறது. நீலமாக எரிய வேண்டிய சுடர் மஞ்சளாக நெளிந்தால், தண்ணீரைச் சூடேற்றும் செம்புத் தகடுகளின் இடுக்கில் கரி படிந்திருந்தால், பிரஷ்ஷால் துடைத்துவிட்டுப் போகிறார்கள். அந்தக் கரிக்குக் காரணம் பர்னரில் அடைப்பா, பொருந்தாத ஜெட்டா, காற்றுப் பற்றாக்குறையா என்று கண்டுபிடிக்காமல் போனால் துடைத்த இடத்தில் மறுபடி கரி படியும், மறுபடி அழைப்பு வரும். அறையைச் சோதிப்பது அறம் என்பதற்கு முன், ஒழுங்கான பழுதுநீக்கல். இன்னொரு வாதம் இதைவிட வலுவானது: சென்சாரே கெட்டுப்போய்ப் பொய்யாக அணைப்பதும் உண்டே, ஒவ்வொரு அணைப்பையும் எச்சரிக்கை என்று எப்படிக் கொள்வது? உண்மைதான். கம்பியில் துரு ஏறினால் நல்ல சுடரைக்கூட அது காணாது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் சரியாகிவிடும், தேய்ந்திருந்தால் புதிது போடலாம். நான் எதிர்ப்பது சென்சாரையோ டைமரையோ தாண்டி ஒயரை நேராக இணைத்துவிடுவதை. வாடிக்கையாளர் அவசரப்படுத்தும்போது அது சுலபமான வழி, அன்று மாலையே வெந்நீர் வரும். கெட்டுப்போன காவலை மாற்றுவதும் காவலே இல்லாமல் செய்வதும் ஒரே கூலிக்குச் செய்யும் ஒரே வேலையாகக் கருதப்படக் கூடாது.

மின்சார கீசருக்கு மாறிவிட்டால் போயிற்று என்பவர்களும் இருக்கிறார்கள். முடிந்தவர்கள் மாறட்டும். ஆனால் வாடா எனப்படும் பழைய முற்றத்து வீடுகளின் ஒயரிங் மூன்று கிலோவாட்டைத் தாங்குமா என்பது வேறு சோதனை. வாடகைக்கு இருப்பவர் கையில் அந்த முடிவும் இல்லை. கேஸ் கீசர் இன்னும் பல ஆண்டு அங்கே தொங்கும். கம்பெனி ஆட்களிடம் மட்டுமே கொடுக்க வேண்டும் என்ற யோசனையும் தெருவோடு பொருந்தவில்லை. தப்கீர் கல்லி மாதிரிக் கடைவீதிகளில் உதிரிபாகம் வாங்கி, ஸ்கூட்டரில் வந்து, அரை மணியில் வேலை முடிப்பவர்தான் எட்டக்கூடியவர். பெயர் தெரியாத கீசர்களுக்கு வேறு ஆளும் கிடையாது. அவர்களை விலக்குவதைவிட அவர்கள் வேலையில் ஒன்றைச் சேர்ப்பது நடக்கக்கூடியது. கீசரைக் குளியலறைக்கு வெளியே பால்கனியிலோ உலர்த்துமிடத்திலோ மாட்டி, வெந்நீர்க் குழாயை மட்டும் உள்ளே கொண்டுவரலாம். அதற்கு இடமில்லாத வீட்டில் கதவின் அடியில் ஒரு திறப்பு, கூரையை ஒட்டி மூடவே முடியாத இன்னொரு திறப்பு, வாளியில் பிடித்து அணைத்துவிட்டுப் பிறகு குளிக்கும் வழக்கம். இதைப் பார்த்துச் சொல்வதற்கென்று பில்லில் ஒரு தனி வரியும் அதற்கொரு தொகையும் இருக்கட்டும். பேட்டரிக்கும் வாஷருக்கும் கேட்காமல் கொடுக்கும் வாடிக்கையாளர், இதற்கும் கொடுக்கத்தான் வேண்டும்.