மூன்று பரேடு பார்க்கும் லாரி

ஜவ்வாது மலை அடிவாரத்தில், போளூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில், அவரை எல்லோரும் பட்டாளத்தார் என்றே கூப்பிடுவார்கள். ராணுவத்தில் லாரி டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். மூன்று ஏக்கரில் நெல்லும் மணிலாவும் போடுகிறார். ஓய்வுப் பணத்தில் மற்றவர்கள் மனை வாங்கினால், இவர் ராணுவம் கழித்து ஏலம் விட்ட சக்திமான் லாரியை எடுத்து வந்தார். வீட்டில் அந்த அம்மாள் ஒரு வாரம் பேசவில்லை.

சக்திமான், ஜெர்மனியின் எம்.ஏ.என். நிறுவனத்தின் உரிமத்தோடு 1959 முதல் ஜபல்பூரில் செய்யப்பட்ட டீசல் வண்டி. நான்கு சக்கரமும் இழுக்கும். ராணுவத்தில் 'மூன்று டன் வண்டி' என்று பெயர். மலையில் விளையும் சாமை, புளி, பலாப்பழம் இறக்க இதைவிட வேறு என்ன வேண்டும் என்பது அவர் கணக்கு.

வண்டியை அவர் பார்த்துக்கொண்ட விதம் எந்த விவசாயிக்கும் பாடம். ராணுவத்தில் வண்டிக்கு ஒரு நாளில் மூன்று பரேடு உண்டு. கிளப்பும் முன் முதல் பரேடு: ரேடியேட்டர் தண்ணீர், இன்ஜின் ஆயில், டயர் காற்று, தரையில் எண்ணெய் சொட்டியிருக்கிறதா என்று குனிந்து ஒரு பார்வை. வழியில் நிற்கும் இடத்தில் இரண்டாவது: ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோய்ச் சூடு பார்ப்பது. ஒன்று மட்டும் அதிகம் சுட்டால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது, அல்லது பேரிங் கெட்டிருக்கிறது. வீடு திரும்பியதும் மூன்றாவது: டீசல் டேங்கை நிரப்பி வைப்பது. டேங்க் காலியாகக் கிடந்தால் உள்ளே இருக்கும் காற்றின் ஈரம் இரவுக் குளிரில் நீராகி டீசலில் இறங்கும். மொத்தமாகப் பதினைந்து நிமிட வேலை.

மாற்றங்களும் செய்தார். இரவில் மூட்டை ஏற்ற வெளிச்சம் வேண்டும் என்று 12 வோல்ட் விளக்கு ஒன்றை ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் எடுத்தார். வண்டியோ 24 வோல்ட். இரண்டு பேட்டரிகளைத் தொடராகக் கட்டியது. ஒன்றில் மட்டும் மின்சாரம் எடுத்தால் அது எப்போதும் குறைந்தே கிடக்கும், மற்றது அளவுக்கு மேல் சார்ஜ் ஏறிக் கொதிக்கும். ஒரு வருடத்துக்குள் இரண்டும் போயின. அப்புறம் 24 வோல்ட் விளக்கே மாட்டினார். மண்ணெண்ணெய் கலந்து ஓட்டினால் செலவு குறையும் என்று ஒருவர் சொன்னபோது மறுத்துவிட்டார். டீசல் பம்புக்கு எரிபொருளும் டீசல்தான், மசகு எண்ணெயும் டீசல்தான். மண்ணெண்ணெயில் அந்த வழவழப்பு குறைவு. மிச்சம் பிடித்த காசு பம்ப் வேலைக்குப் போய்விடும்.

வினையானது மூன்றாவது மாற்றம். புளி சீசனில் கூடுதல் மூட்டை ஏற்ற, பக்கப் பலகையை ஒரு அடி உயர்த்தினார். பதிவுச் சான்றில் இருப்பதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு. அது அவருக்குத் தெரியும். எஃப்.சி.க்குப் போகும்போது பலகையைக் கழற்றுவார். திரும்பி வந்ததும் மாட்டுவார்.

ஒரு மாலை மகன் ஓட்டி வந்தான். பலகை உயரத்துக்கு மூட்டை, அதன் மேல் ஏழெட்டு மலைவாசிகள். டீசல் மிச்சம் என்று இறக்கத்தில் நியூட்ரலில் விட்டிருக்கிறான். வழியில் நிறுத்திச் சூடும் பார்க்கவில்லை. முழுப் பாரத்தையும் பிரேக்கே தாங்கியதால் டிரம் சூடேறி, லைனிங் பிடிப்பை இழந்தது. மிதித்தால் வண்டி நிற்கவில்லை. பள்ளத்துப் பக்கம் போகாமல் மலைப் பக்கத் திட்டில் உரசி நிறுத்தினான். உயிர்ச் சேதம் இல்லை. மகள் வீட்டுக்குப் போக ஏறியிருந்த ஓர் அம்மாவுக்கு வலது கை முறிந்தது. சரக்கு வண்டியில் சும்மா ஏறி வந்தவருக்குக் காப்பீட்டுப் பணம் வராது. பட்டாளத்தார் ஒரு கறவை மாட்டை விற்று வைத்தியம் பார்த்தார்.

மகனை அவர் திட்டவில்லை. "பலகையை ஒசத்துனது நானு. நீ ஓட்டுனது மட்டும்தான்" என்றார். மறுநாள் பலகையைத் தானே அறுத்து இறக்கினார். லைனிங் முழுவதையும் மாற்றினார். ஏறும்போது எந்த கியரோ, இறங்கும்போதும் அதே கியர் என்று மகனுக்குச் சொல்லிக் கொடுத்தார். கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் பம்ப் டீசலை நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் இன்ஜின் டீசல் குடித்துக்கொண்டே இருக்கும். ஆக, மகன் நினைத்த மிச்சமும் மிச்சமில்லை.

ஆள் ஏற்றுவதையும் நிறுத்தினார். கை கூடிய பிறகு அந்த அம்மாவே வந்து கேட்டார்: "பஸ் இல்லாத நேரத்துல நாங்க எப்படி எறங்குறது, பட்டாளத்தாரே?" அவரிடம் பதில் இல்லை. மூட்டைக் கூலியைக் குறைத்துக்கொண்டார். ஆளை மட்டும் ஏற்றவில்லை. அதனால் சிலருக்கு அவர் மேல் இன்றும் வருத்தம் உண்டு.

பழைய ராணுவ வண்டி எல்லோருக்கும் வேண்டியதில்லை. ஏலத்தில் எடுப்பதானால் ராணுவம் கொடுக்கும் தாள்களைப் பார்த்து, நம் பெயரில் பதிவாகும் என்று உறுதி செய்துகொண்டே பணம் கட்ட வேண்டும். ஆனால் மூன்று பரேடு நம் டிராக்டருக்கும் பொருந்தும். பின்னால் பூட்டும் டிரெய்லர்களில் பலவற்றுக்குச் சொந்தப் பிரேக் கிடையாது. முழுப் பாரமும் டிராக்டரின் பிரேக்கில்தான் நிற்கிறது. கரும்போ வைக்கோலோ, இன்னும் ஒரு வரிசை ஏற்றலாமா என்று தோன்றும்போது, இழுக்குமா என்று கேட்பதற்கு முன் நிற்குமா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

பட்டாளத்தார் வீட்டில் இப்போது மகன்தான் ஓட்டுகிறான். மலையிலிருந்து பாதி வழி இறங்கியதும் நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தருகிலும் புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டே கிளப்புகிறான்.