தரகர் யாருடைய ஆள்?

1997 ஆம் ஆண்டில் வெள்ளவத்தையில் தொடர்மாடி வீடொன்று வாங்க அலைந்தேன். 1995 இடப்பெயர்வின் பின் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த மாமனாரும் மாமியாரும் எங்களுடன் இருந்தார்கள். வாடகைக்கு இருந்த இரண்டு அறைகள் போதவில்லை. கையில் இருந்தது பதினைந்தாண்டுச் சேமிப்பும் மனைவியின் நகைகளை விற்ற பணமும்தான்.

தரகர் ஒருவர் வாய்த்தார். கையில் குடை, சட்டைப் பையில் மடித்த கொப்பித்தாள். காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகள் யாவும் அவருக்கு மனப்பாடம். யார் கனடா போகிறார், யாருக்குப் பணம் அவசரம் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். (நிருபராகியிருந்தால் எங்கள் ஆசிரியபீடம் பிழைத்திருக்கும்.)

மூன்றாம் வாரம், மனதுக்குப் பிடித்த வீடொன்றைக் காட்டினார்.

“உறுதி சுத்தம், தம்பி. நாளைக்கே முற்பணத்தைக் கட்டுங்கோ. வேறை இரண்டு பேர் நிக்கினம்.”

நொத்தாரிசான நண்பர் என்னைத் தடுத்துக் காணிப் பதிவகத்தில் தேடினார். கட்டடம் நின்ற காணி முழுவதும் வங்கியொன்றில் அடைமானத்தில் இருந்தது. தொடர்மாடி உடைமை பற்றிய 1973 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டத்தின்படி பதியவேண்டிய கூட்டாதன வரைபடமும் பதியப்பட்டிருக்கவில்லை. அந்த வீட்டுக்கெனத் தனி உறுதி எழுத வழியே இல்லை.

கோபத்துடன் தரகரிடம் போனேன். அவர் பதறவில்லை.

“விக்கிறவர் சொன்னதைத்தான் சொன்னனான், தம்பி. உறுதி பாக்கிறது நொத்தாரிசின்ரை வேலையெல்லே?”

யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதில் பிழையில்லை. விற்பனை நடந்தால்தான் அவருக்கு நூற்றுக்கு மூன்று. விலையில் ஐம்பதாயிரம் குறைந்தால் எனக்கு மிச்சம் ஐம்பதாயிரம்; அவருக்கு நட்டம் ஆயிரத்து ஐந்நூறு. அதே பேரம் ஒரு மாதம் இழுபட்டால் அவர் வீட்டில் உலை கொதிக்காது. அப்படிப்பட்டவரிடம், பேரம் முறியக்கூடிய செய்தியைத் தேடித் தாருமென்று எதிர்பார்த்தது என் பேதைமை. வீட்டைக் கண்டுபிடிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. அதற்கப்பால் அவர் எனது ஆளல்லர். விற்பவரின் ஆள்கூட அல்லர், விற்பனையின் ஆள்.

புலம்பெயர்ந்த நண்பர்கள் இன்று தொலைபேசியிலேயே ஊரில் காணி பேசி முடிக்கிறார்கள். தேசவழமைக்கு உட்பட்ட காணியாயின், 1947 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டப்படி பங்காளிக்கும் உரித்தாளருக்கும் முதலில் வாங்கும் உரிமை உண்டு. அண்ணனுக்குத் தெரியாமல் தம்பி விற்றால் வழக்கு வாங்கியவரையும் தேடி வரும். இதையும் தரகர் வாயால் கேட்கக் காத்திருக்கக்கூடாது. அவர் கூட்டிவரும் நொத்தாரிசிடமும் போகாதீர்கள். உங்களுக்கென ஒருவரைப் பிடியுங்கள்.

அடுத்த ஆண்டு வேறொரு வீடு வாங்கினேன், அதே தரகர் மூலம்தான். பதிவகத்துக்கும் கூடவே வந்தார். தேடல் முடியும்வரை வெளியே மழையில் குடையுடன் நின்றார்.